இன்னொரு உலகத்து எள்ளுத் தண்ணீர்

இசக்கிமணி அண்ணாச்சிக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, முதுகுதான் நிற்கும். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். மீசை முளைத்த காலத்தில் தொடங்கிய வேலை. சீசனுக்குச் சீசன் வருகிறவர்கள் எதிரே நின்று, "என்ன அண்ணாச்சி, மறந்துட்டீங்களா?" என்று கேட்டால் விழிப்பார். அவர்கள் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்த பிறகுதான், "அட, விருதுநகரு சார்லா! இடது தோள்ல ஒரு முடிச்சு இருக்குமே, கரைஞ்சிருக்கா பாப்போம்" என்பார்.

என் கடை அவருடைய பலகைக்குப் பக்கத்தில். துண்டு, டிரவுசர், சோப்பு, சீயக்காய்ப் பாக்கெட் விற்கிறேன். ஆண்கள் படுத்திருக்கிற பக்கம் கண் போகாமலிருக்க நடுவில் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பேன். கண்ணுக்குத்தான் தடுப்பு, பேச்சு முழுவதும் என் காதில் விழும். அடுத்த பலகை முகம்மது கனி அண்ணாச்சியுடையது. இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டே தேய்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்துப் பயந்ததும் உண்டு.

அண்ணாச்சிக்கு ஒரே மகன், விஜய்பாண்டி. தென்காசியில் டிப்ளமோ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். லீவு கிடைத்தால் இலஞ்சி வீட்டிலிருந்து தகப்பனோடு வந்துவிடுவான். தேய்ப்பதில் அவனுக்கு அவசரம்.

"ஏலே, சப்பாத்தி மாவா பெசையுத? மனுசன்லே" என்று அண்ணாச்சி அதட்டுவார்.

"நீங்க தேய்ச்சா தூங்கிருதாங்க. நான் தேய்ச்சா எந்திரிச்சு ஓடி அருவில நிக்காங்க. குளிக்கத்தானப்பா வந்திருக்காங்க?" என்பான் அவன்.

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மத்தியானத்துக்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. செங்கோட்டையில் செக்கு வைத்திருக்கிற ஒருவரிடம்தான் அவர்கள் வாங்குவது வழக்கம். அண்ணாச்சி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து வயதான ஒருவர் வந்து பலகையில் உட்கார்ந்தார். அவர் ஒருவருக்குப் போதுமான எண்ணெய் கிண்ணத்து அடியில் கிடந்தது.

"நீ தேய்லே. நான் போயிட்டு வந்துருதேன்."

"மழை வருதுப்பா. நான் போறேன், நீங்க இவுகளப் பாருங்க."

"சொன்னாக் கேளு."

"நீங்க கேளுங்க."

சாவியை இருவருமே பிடித்துக்கொண்டு நின்றார்கள். வந்தவர் சிரித்துக்கொண்டு, "யாராயிருந்தாலும் சரிதான், சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா, குளிருது" என்றார். அண்ணாச்சி சாவியை விட்டுவிட்டார்.

அவன் திரும்பி வருகிற வழியில் ஒரு வளைவில் வண்டி சறுக்கி எதிரே வந்த லாரிக்கு அடியில் போய்விட்டது. டின் நசுங்கி ரோடு முழுக்க எண்ணெய். பார்க்க ஓடியவர்களே வழுக்கி விழுந்தார்கள் என்று கனி அண்ணாச்சி பிறகு சொன்னார்.

கொள்ளி வைத்தது அண்ணாச்சிதான். வைத்தது அவருக்கே நினைவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்; தம்பி உட்கார்ந்து செய்தார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பலகை கவிழ்ந்தே கிடந்தது. இந்த வருஷம் ஆனியில் சாரல் விழுந்ததும், வயிறு என்று ஒன்று இருக்கிறதே, வந்து தார்ப்பாயைக் கட்டினார். கை பழையபடி ஓடியது. வாய்தான் ஓடவில்லை. கனி அண்ணாச்சி எத்தனையோ சீண்டிப் பார்த்தார், பதில் வராது. துண்டுகளுக்கு அந்தப் பக்கம் உடம்பில் எண்ணெய் அறைகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அப்போதுதான் பரமேஸ்வரன் சார் வந்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் எடுக்கிறவர். கூட ஒரு நண்பர். இருவரும் ஆளுக்கொரு பலகையில் படுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். சார் எதையோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நண்பர் அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு துகள் சேந்து பிறந்துதுன்னு வச்சுக்கோ," என்றார் சார். "ஒண்ணை இங்க வச்சுக்கிட்டு, இன்னொண்ணை எவ்வளவு தூரம் வேணா கொண்டு போ. இது மேல பாத்து நின்னா, அது கீழ பாத்து நிக்கும். இது சொல்லி அது செய்யல. ரெண்டுக்கும் சேத்தே ஒரு நிலைதான், பின்னிக் கிடக்கு. அதே மாதிரி பிரபஞ்சமே சோடியாப் பிறந்திருக்கலாம்னு சில பேர் கணக்குப் போட்டிருக்காங்க. நம்மளது ஒண்ணு, இன்னொண்ணு வேற எங்கயோ. ஆரம்பத்துல பின்னிக் கிடந்ததுக்கு ஏதாவது தடம் வானத்துல தெரியுதான்னு தேடிட்டிருக்காங்க."

"கிடைச்சுதா?"

"இதுவரைக்கும் இல்ல."

கனி அண்ணாச்சி நண்பரின் முதுகில் ஓங்கித் தட்டுகிற சத்தம் கேட்டது. "சார், இந்த ஒரு ஒலகத்து முதுகையே தேய்ச்சு முடியல. அங்கனயும் ஒரு ஒலகமா? கையி தாங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, மாதக்கணக்கில் கேட்காத குரல் கேட்டது.

"அங்கனயும் குத்தாலம் இருக்குமா சார்?"

"இருக்கலாம் அண்ணாச்சி. நீங்களே இருக்கலாம். ஒரு இடத்துல இங்க நீங்க வலது பக்கம் திரும்பியிருந்தா, அங்க இடது பக்கம் திரும்பியிருப்பீங்க." சார் இதை விளையாட்டாகத்தான் சொன்னார். குரலிலேயே தெரிந்தது.

எண்ணெய் அறைகிற சத்தம் நின்றுவிட்டது.

"போகவர முடியுமா?"

"முடியாது. பேசவும் முடியாது. ஒரு சேதிகூட அனுப்ப வழியில்ல."

"பின்ன எதுக்கு சார் பின்னிக் கெடக்கு?"

"எதுக்குன்னு ஒண்ணும் இல்ல. இயற்கை அப்படி."

"அந்தப் பின்னல் அறுந்து போகுமா?"

"ஓ, ரொம்ப சுலபமா அறும். தொட்டா போச்சு. அளந்து பாத்து, இதுதான்னு முடிவு ஆயிருச்சுன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் இது தனி, அது தனி."

மறுபடி தேய்க்கிற சத்தம் மெதுவாகத் தொடங்கியது. அன்று சாருக்கு ரொம்ப நேரம் தேய்த்துவிட்டார்.

சார் தங்கியிருந்த நாளெல்லாம் வந்தார். அண்ணாச்சியும் விடாமல் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஆனால் அண்ணாச்சியின் கேள்விகள் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்பது பிடிபட்டது. ஊருக்குக் கிளம்புகிற அன்று சார் படுத்திருக்கும்போது அதைக் கேட்டேவிட்டார்.

"அன்னைக்கு எண்ணெய் எடுக்க வண்டியக் கொண்டு போனது, அங்கன நானாத்தான் இருக்கும். இல்லையா சார்?"

"எந்த எண்ணெய் அண்ணாச்சி?"

கனி அண்ணாச்சி சாரின் காதில் ஏதோ கிசுகிசுப்பது கேட்டது. சார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பலகை கிறீச்சிட்டது.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொன்னது துகளுக்கு உள்ள கணக்கு. மனுஷனுக்கு அதைப் பொருத்த முடியாது. அப்படி ஒரு உலகம் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"தெரியாதுன்னுதான சார் சொல்லுதிய. இல்லைன்னு சொல்லலைல்லா?"

அன்று சார் குளிக்காமல், எண்ணெயோடேயே என் கடையில் ஒரு துண்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி சந்தோஷமாகிவிட்டார். எங்களைப் பயமுறுத்தியது அதுதான். காலையில் வந்ததும் தார்ப்பாயை உதறிக்கொண்டே என்னிடம், "காளி, அங்கன பரீட்சை முடிஞ்சிருக்கும்" என்பார். இன்னொரு நாள், "கோயம்புத்தூர்ல வேலை கெடச்சிருக்கும். அம்மையத் தனியா விட்டுட்டுப் போக மாட்டான், யோசிச்சுட்டு இருப்பான்" என்பார். செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல் இல்லை அது. வெளியூரில் இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல். ஓய்வு நேரத்தில் போனில் தமிழில் யாராவது வேகவேகமாகப் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசுகிற வீடியோவைக் காதருகே வைத்துக் கேட்பார். புரியாத இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

அண்ணாச்சியின் மனைவி ரெங்கம்மாள் மதினிக்கு வேறு கவலை. மகன் போனதிலிருந்து அவன் தாகத்தோடு நிற்கிறான் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அன்று மழையில் போனவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். சோற்றுக்கு உட்கார்ந்தவனைக் கூட்டம் என்று எழுப்பிவிட்டார்கள். அதை யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து ஆடி அமாவாசைக்குக் காத்திருந்தார். சித்தப்பன் செய்த காரியம் காரியத்தோடு சரி. பெற்ற தகப்பன் கையால் எள்ளுத் தண்ணீர் விட்டால்தான் பிள்ளையின் நாக்கு நனையும் என்பது அவருடைய முடிவு.

அமாவாசைக்கு முந்தின நாள் சோற்று வாளியோடு வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டுகளை விலக்கிவிட்டு நேராக அண்ணாச்சியிடம் கேட்டார்.

"நாளைக்கு வெள்ளன கெளம்பிருவோம் என்னா?"

"எங்க?"

"எங்கயா? பெரிய அருவிக்கு. ஆத்தங்கரையில கூட்டம் ஏறிரும். அய்யருக்குச் சொல்லி வைக்கணும்."

"நான் வரல ரெங்கம்."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தண்ணி விட மாட்டேன். விட்டா முடிவாயிரும். அவன் செத்துட்டான்னு நானே அளந்து சொன்ன மாதிரி ஆயிரும். அங்கன இருக்கிறவனுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அத எங்கையால அறுக்கச் சொல்லுதியா?"

மதினி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போய்ச் சேந்த எங்க அத்தாவுக்கு வருசா வருசம் பாத்தியா ஓதுதோம்," என்று கனி அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஓதுனதால அவுக எங்கள விட்டுப் போயிட்டாகளா வே? இன்னைக்கும் கறி தீஞ்சா கனவுல வந்து ஏசுதாக. நீரு பாட்டுக்குச் சவத்து வீடியோவப் பாத்துட்டு..."

"ஒமக்கு வெளங்காது கனி."

"எனக்கு எது வெளங்கிருக்கு? ஒம்ம பொண்டாட்டி மொகத்தப் பாரும்."

மதினி வாளியைத் திறக்காமலே எழுந்தார். "நீங்க அவனுக்கு விடுத வரைக்கும் எனக்கும் தண்ணி வேண்டாம்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது மிரட்டலாகத் தெரியவில்லை. சொன்னபடியே அன்றைக்கு அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அமாவாசை விடிகாலையில் என்னைக் கூப்பிட வந்தது மதினிதான். கடை திறக்க வேண்டிய நாள் அது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உதடு வெடித்திருந்தது. கையில் எள், பச்சரிசி, வாழைக்காய், ஒரு எவர்சில்வர் செம்பு. மினி பஸ்ஸில் இடமில்லை; நடந்தோம்.

பெரிய அருவியில் தண்ணீர் கலங்கலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் குளிக்க விடவில்லை. அதனால் கூட்டம் முழுவதும் ஆற்றங்கரைப் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலைகள், ஈர வேட்டிகள், எள் மிதக்கிற தண்ணீர். மதினி ஒவ்வொரு அய்யராகக் கேட்டுக்கொண்டு போனார். ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஆம்பளை யாரும் வரலையாம்மா?" என்றார்.

"நானே விடுதேன் சாமி. பெத்தது நான்தான்."

அவர் தயங்கினார். "வேண்டாம்னு சொல்லலம்மா. வழக்கம் இல்ல. கொஞ்சம் இருங்க, யாரையாவது கேட்டுச் சொல்லுதேன்."

அப்போதுதான் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் விட வரவில்லை, தடுக்க வந்திருந்தார். மதினியின் கையிலிருந்த செம்பைப் பிடித்தார்.

"வேண்டாம் ரெங்கம். ஒனக்குக் கும்பிடு போடுதேன். வேண்டாம்."

"விடுங்க."

"அறுந்துரும் ரெங்கம்."

மதினி செம்பை விடவில்லை. அவரை ஏறிட்டுப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அண்ணாச்சியை அவர் அப்படி நேராகப் பார்த்தது அன்றுதான்.

"சரி. ஒங்க கணக்குக்கே வாரேன். அன்னைக்கு அங்கன எண்ணெய் எடுக்கப் போனது யாரு?"

"நான்."

"இங்கன எம்புள்ள வரல. அங்கன வராமப் போனது யாரு?"

"நான்தான்."

"அப்ப அங்கன செத்தது நீங்க. அங்கனயும் இன்னைக்கு ஆடி அமாவாசைதான? எம்புள்ள எங்க இருப்பான்? சொல்லுங்க. எங்க இருப்பான்?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதினிக்கு அது தெரியவில்லை.

"தாயக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு இந்தப் படியிலதான் வந்து உக்காந்திருப்பான். தகப்பனுக்குத் தண்ணி விடாமத் திரியுத புள்ளையவா நான் பெத்தேன்? எள்ளயும் தண்ணியயும் கையில வச்சுக்கிட்டு அவன் நிக்கான். நீங்க இங்கன கையக் கட்டிட்டு நின்னா அவன் கையி எப்படி அசையும்? பின்னிக் கெடக்கு, பின்னிக் கெடக்குன்னு நீங்கதான சொன்னிய!"

அதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பிச் சொல்லவில்லை. ஆத்திரத்தில், கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிகிற மாதிரி எறிந்தார். ஆனால் அண்ணாச்சியின் கை செம்பிலிருந்து நழுவியது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். அவற்றில் ஒன்றைத் தேடுகிற மாதிரி இருந்தது. அத்தனை முதுகு தெரிந்தவருக்கு அந்த முதுகு தெரியாமலா போகும்.

பிறகு சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இதோட அறுந்துரும்லா?" என்றார் மதினியிடம், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

"அறட்டும்" என்றார் மதினி. இப்போது குரலில் ஆத்திரமே இல்லை. "தாகம் தீந்து போகட்டும்."

அய்யர் தர்ப்பையை விரலில் போட்டுவிட்டார். "கோத்திரம்?"

"சிவகோத்திரம்."

"யாருக்கு? அப்பாவா, தாத்தாவா?"

"மகன்."

அய்யர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேரு?"

அந்தப் பேரை அண்ணாச்சி இறந்தவன் பேராகச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. உதடு இரண்டு தடவை அசைந்து சத்தம் வரவில்லை. அய்யர் அவசரப்படுத்தவில்லை; பின்னால் காத்திருந்தவர்கள்கூட முணுமுணுக்கவில்லை.

"விஜய்பாண்டி" என்றார்.

மதினி செம்பைச் சரித்தார். எள்ளும் தண்ணீரும் அண்ணாச்சியின் கட்டைவிரல் ஓரமாக வழிந்து தாம்பாளத்தில் விழுந்தன. மூன்று முறை. பிறகு அய்யர் கொடுத்த சோற்றுப் பிண்டத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி ஆற்றில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கரைத்தார். தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சோற்றுப் பருக்கை கண்ணுக்குத் தெரிந்து மறையக்கூட நேரமில்லை.

மதினி கடைசிப் படியில் குந்தி, கையால் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கலங்கல் தண்ணீர். குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணாச்சி ஏறி வரவில்லை. இரண்டு கையையும் குவித்து, யாரோ எதையோ ஊற்றப்போகிற மாதிரி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். சாரல் மழையாகிவிட்டது. உள்ளங்கைகளில் மழைத் தண்ணீர் சேர்ந்து வழிந்தது. கரையில் அடுத்த ஆள் இடத்துக்காக நின்றுகொண்டிருந்தார்.

"போதும். ஏறி வாங்க" என்று கூப்பிட்டார் மதினி. "மேலுக்கு முடியாமப் போயிரும்."

அவர் திரும்பவில்லை.

"ஏங்க, வாங்கங்கேன்."

"இரு ரெங்கம்," என்றார் அண்ணாச்சி. "அவன் முடிக்கட்டும்."